பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஆறு கிழமை

நம் வகுப்பில் படித்தவர்களுக்கென்று தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் போன மாதம் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "முதலாம் வகுப்பு எங்கை படிச்சனாங்கள்? பாதி நாள் பள்ளிக்கூடம் பூட்டுத்தானே." அதற்குக் கீழே எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டு "ஓம், ஓம்" என்றீர்கள். நானும் ஒரு பொம்மை போட்டேன். போட்டுவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்று சமைத்த சோறு அப்படியே கிடந்தது.

பாதி நாள் பூட்டுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆமிக் காம்பிலிருந்து ஷெல் அடித்தால் பூட்டு. ஹெலி தாழப் பறந்தால் பூட்டு. சந்தியில் யாரையாவது சுட்டுப் போட்டிருந்தால் பூட்டு. ஆனால் அந்த வருடம் மாசி நடுவில் தொடங்கிப் பங்குனிக் கடைசிவரை, ஆறு கிழமை, நம் பள்ளிக்கூடம் ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. வரவு இடாப்பு இப்போது எங்கே கிடக்கிறதோ, கறையான் தின்றதோ தெரியாது. இருந்தால் அது சாட்சி சொல்லும். நீங்கள் மறந்துவிட்டீர்கள், மறக்க உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுவதால் அங்கங்கே பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பெரும்பாலானோர் முதலாம் வகுப்பில்தான் என்னோடு சேர்ந்தீர்கள். அதற்கு முன் நான் போனது எங்கள் ஊர் வாசிகசாலையின் பின்னறையில் நடந்த பாலர் பள்ளிக்கு. முன்னறையில் பேப்பர் வாசிக்க வருகிறவர்களின் சுருட்டுப் புகை, பின்னறையில் எங்கள் அழுகுரல். இருபது பிள்ளைகள் இருந்தோம். அதில் மூன்று பேருக்குக் கண் தெரியாது. எங்களைப் படிப்பித்த ரீச்சரின் அண்ணையும் பார்வையில்லாதவர். அவரை ஐந்து வயதில் தூர இடத்து விடுதியொன்றில் விட்டுப் படிப்பித்தார்களாம். படித்து முடித்து வந்தபோது தாய் கூப்பிட்ட குரல் அவருக்கு யாரோ பிறத்தியாரின் குரலாகக் கேட்டதாம். அதனால்தான் ரீச்சர் பிடிவாதமாக நின்றார். ஊர்ப் பிள்ளைகள் ஊரிலே, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கட்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, அந்த மூன்று பேரையும் கூட்டி வந்தார்.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நடக்கிற தூரத்தில் வேறு பாலர் பள்ளி இல்லாததால்தான் என்னை விட்டார். சோளகக் காற்றும் புழுதியுமாகக் கிடந்த ஒரு மாதத்தில் ஊரெல்லாம் கண்ணோய் வந்தது. உடனே தாய்மார் வாசிகசாலை வாசலில் கூடிவிட்டார்கள். "உந்தப் பிள்ளையளிட்டை இருந்துதான் ஒட்டியிருக்கு" என்றார் ஒருவர். "கண்ணிலை குறையுள்ளதுகளோடை விட்டால் வேறை என்ன நடக்கும்?" என்றார் அம்மா. இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டார்கள். உண்மை என்னவென்றால் நோயைக் கொண்டுவந்தது நான். நெல்லியடிச் சந்தைக்கு அம்மாவோடு போய், அங்கிருந்து வாங்கி வந்தேன். என்னிடமிருந்துதான் என் சோடிக்கு ஒட்டியது. எனக்கு நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டுக் கண்ணில் வைத்தார்கள். அவளும் பீளை கட்டிய கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, "உனக்குத்தான் தெரியாதே, பிறகேன் நோகுது?" என்று கேட்டேன். "எனக்கும் கண் இருக்குத்தானே" என்றாள். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

சோடி என்றேன் அல்லவா. அது ரீச்சர் வைத்த ஒழுங்கு. பார்வையில்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்வையுள்ள ஒரு பிள்ளை சோடி. பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீர்க் குடத்தடிக்கும் கக்கூசுக்கும் கூட்டிப் போக வேண்டும், ஒழுங்கையால் நடக்கையில் ஓரம் சொல்ல வேண்டும். "சோடியின்ரை கையை மட்டும் விடக்கூடாது" என்று ரீச்சர் ஒவ்வொரு காலையும் சொல்லுவார். நாங்கள் தேவாரம் மாதிரி அதைத் திருப்பிச் சொல்லுவோம்.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. கண் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் கையில் ஒரு சத்தம் கட்டியிருக்க வேண்டும். யார் வருகிறார்கள் என்று மற்ற மூவருக்கும் தெரிய வேண்டுமே. ஒருத்திக்குக் கொலுசு மணி, ஒருவனுக்குப் பழைய பூட்டுகளின் திறப்புக் கோர்வை. எனக்குக் கிடைத்தது தைலம் முடிந்த தகர டப்பி. உள்ளே ஏழு குன்றிமணி போட்டு, மூடியை இறுக்கி, நாடாவில் கோர்த்து ரீச்சர் கட்டிவிட்டார். நடந்தால் சிலுசிலுவென்று கேட்கும். தைல மணம் போகவே இல்லை. என் சோடி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் டப்பி.

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்பாதீர்கள். எங்கள் பாலர் பள்ளியில் ஹெலிச் சத்தம் முதலில் கேட்டது வாசிகசாலை நாய்க்கு. அடுத்தது பேப்பர் வாசிக்கும் கிழவர்களுக்கு. என் சோடி ஏதாவது யோசனையில் இருந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டாள். அவளிடம் இருந்தது வேறு. எதைத் தொடங்கினாலும் முதலில் அளப்பாள். மணற்காட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மணலைத் தேயிலைப் பெட்டி மூடியில் பரப்பி அதில்தான் நாங்கள் எழுதப் பழகினோம். நான் போனவுடன் கோழி கிளறுவது மாதிரிக் கிளறுவேன். அவள் இரண்டு உள்ளங்கையாலும் மூடியின் நாலு ஓரத்தையும் தடவுவாள். மணலை மட்டமாக்குவாள். நடு எங்கே என்று விரலால் தேடுவாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஒரே இழுவையில் எழுத்தைப் போட்டுவிடுவாள். அது ரீச்சர் எழுதியது மாதிரியே இருக்கும்.

எனக்குப் பொறுமை கிடையாது. "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கேல்லை" என்று அம்மா எந்நேரமும் ஏசுவார். ஆனால் சோடி வேலையில் நான் சுணங்கியதே இல்லை. காரணம் குணமல்ல, புகழ். கோயிலடியில் அவளை நான் கையில் பிடித்துக்கொண்டு போனால் பெண்கள் நின்று பார்ப்பார்கள். "பாருங்கோவன், என்ன குணமான பிள்ளை" என்பார்கள். ஒருவர் கற்கண்டு தருவார். கற்கண்டில் பாதியை அவளுக்குக் கொடுப்பேன், அதற்கும் ஒரு புகழ் கிடைக்கும். அம்மாகூட மெல்ல மெல்ல மாறினார். மகளால் தனக்கும் பேர் வருகிறதென்று கண்டபின் கண்ணோய்க் கதையை விட்டுவிட்டார்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். எங்கள் ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் மண் வீடு. அந்த வளவுக்குள் அம்மா அதுவரை கால் வைத்ததில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் அவளின் தாய் எங்கள் படலைக்கு வெளியே நின்று அம்மாவிடம் கதைத்தது நினைவிருக்கிறது. கையிலிருந்த வெங்காய மணம் வாசல்வரை வந்தது.

"தைக்கு முதலாம் வகுப்பிலை எடுப்பினமோ தெரியேல்லையம்மா. ரீச்சர் கேட்டுப் பாக்கிறன் எண்டவ."

"எடுக்காமல் விட்டால் என்ன, விடுதியள் இருக்குத்தானே" என்றார் அம்மா.

"உவளைத் தூர விட்டிட்டு நான் என்னெண்டு இருக்கிறது? ரோட்டும் இப்ப கிடக்கிற கிடைக்கு. இஞ்சை நாலு எழுத்துப் படிச்சாலும் காணும். நான் இல்லாத காலத்திலை ஆரின்ரையும் கையைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டாள்."

ரீச்சர் சைக்கிளில் பெரியவாத்தியாரிடம் மூன்று தரம் போய் வந்தார். நம் பள்ளிக்கூடத்துப் பெரியவாத்தியாரை உங்களுக்கு நினைவிருக்கும், வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்வை. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். விசயதசமிக்கு வாசிகசாலையில் ஏடு தொடக்க அவர்தான் வருவார். "அண்டைக்குப் பாப்பம். பிள்ளை தானாய் ஒரு எழுத்து எழுதினால் எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ரீச்சர் வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னார். மணலில் அவள் எழுதுகிற எழுத்துக்கு அது ஒரு சோதனையே இல்லை என்று ரீச்சருக்குத் தெரியும். அன்று முழுக்க ரீச்சர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

விசயதசமியன்று அம்மா எனக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பவுடர் போட்டு, ஒரு புத்தியும் சொல்லி விட்டார். "பெரிய ஆக்கள் வருவினம். அவளை வடிவாய்ப் பாத்துக்கொள். தடுமாற விடாதை, கையை விடாதை."

வாசிகசாலை முன்னறையில் கும்பம் வைத்து, அவலும் கடலையும் படைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் சுருட்டு மணம் அன்று தோற்றுப்போயிருந்தது. பெரியவாத்தியார் சப்பாணி கட்டி இருந்தார். முன்னால் தாம்பாளத்தில் பச்சையரிசி. ஒவ்வொரு பிள்ளையாக அவர் மடியருகே போய் இருக்க, சுட்டு விரலைப் பிடித்து அரிசியில் அனா எழுதுவிப்பார். நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பீர்கள். என் முறை வந்தது, முடிந்தது. பிறகு அவளைக் கூட்டிப்போய் இருத்தினேன். ரீச்சர் தூணோடு சாய்ந்து நின்றார். அவளின் தாய் வாசலுக்கு வெளியே நின்றார்.

அவர் அவளின் விரலைப் பிடித்து எழுதுவித்தார். பிறகு அரிசியைக் கலைத்துவிட்டு, "சரி, இனித் தானாய் எழுதட்டும்" என்றார்.

அவள் தொடங்கினாள். தொடங்கினாள் என்றால் தாம்பாளத்தின் விளிம்பைத் தடவத் தொடங்கினாள். தாம்பாளம் வட்டம், அவள் பழகியது நாலு மூலைப் பெட்டி. இரண்டு சுற்றுச் சுற்றினாள். அரிசியை உள்ளங்கையால் மட்டமாக்கினாள். நடுவைத் தேடினாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்தாள்.

ஒருவர் செருமினார். ஒருவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நாடியால் சைகை காட்டினார். பிடி.

நான் பிடித்தேன். மடியிலிருந்த அவளின் கையை எடுத்து, சுட்டு விரலை நீட்டி, பெரியவாத்தியார் செய்தது மாதிரியே அரிசியில் வைத்து, ஒரு அனா எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. என்னுடைய அனா எப்போதும் கோணல். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவாத்தியார் என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். அந்தக் கையின் சூடு எனக்கு இப்போதும் உச்சந்தலையில் தெரிகிறது.

அவள் என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நான் எழுத இருந்தனான்."

பெரியவாத்தியார் ரீச்சரைக் கிட்டக் கூப்பிட்டார். "பாத்தீங்கள்தானே ரீச்சர். பக்கத்துப் பிள்ளை பிடிச்சு எழுதுது. அங்கை ஒரு வகுப்பிலை நாற்பது பிள்ளையள். ஆர் கை பிடிக்கிறது?"

"சேர், ஒருக்கால் தனிய விட்டுப் பாருங்கோ. அவள் எழுதுவாள்."

"ஏடு ஒருக்கால்தான் தொடக்கிறது, ரீச்சர். நேரமும் போகுது. அடுத்த பிள்ளையை விடுங்கோ."

அவ்வளவுதான். எல்லாம் முடிந்து, பெரியவாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் உடுப்பிட்டிப் பக்கம் இன்னொரு இடத்துக்கு ஏடு தொடக்கப் போய்விட்டார். நாங்கள் அவல் தின்றுகொண்டிருந்தோம். அவள் தடவித் தடவித் தாம்பாளத்தடிக்கு வந்து, அரிசியை மட்டமாக்கி, நடுவைத் தேடி, ஒரே இழுவையில் அனா எழுதினாள். நான் பார்த்தேன். ரீச்சரும் பார்த்தார். ரீச்சர் படலைவரை ஓடினார், சைக்கிள் வளைவில் மறைந்துவிட்டிருந்தது. திரும்பி வந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினார். ஏசியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். கையை விடாதே என்று ஒவ்வொரு காலையும் சொன்னவர் எப்படி என்னை ஏசுவது? இந்த வயதில் யோசிக்கும்போது அன்று ரீச்சர் ஏச நினைத்தது என்னையல்ல, தன்னைத்தான் என்று படுகிறது. அந்த அரிசியை அப்படியே பானையில் கொட்டிப் பொங்கல் பொங்கினார்கள். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தையில் நாம் முதலாம் வகுப்புக்குப் போனோம். அவளை எடுக்கவில்லை. "அடுத்த வருஷம் எடுப்பினம்" என்று தாய் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவள் அதை நம்பி அதற்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினாள். ஆசிரியை நான்தான்.

எங்கள் ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போன பிள்ளை நான் ஒருத்தி. நீங்கள் எல்லோரும் தார் ரோட்டால் போனவர்கள். அவளின் தாய் விடியவே தோட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு மத்தியானம்வரை வீட்டில் அவளும் ஒரு ஆடும்தான். என் டப்பிச் சத்தம் கேட்டதும் வேலியடிக்கு வந்துவிடுவாள். பனையோலை வேலியில், கிளுவங்கதியாலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தல் இருந்தது. அதற்குள்ளால் கையை நீட்டுவாள். "நேற்று என்ன எழுத்து?" என்பாள். அவளின் உள்ளங்கையில் நான் விரலால் எழுதுவேன். உடனே என் கையை வாங்கி, என் உள்ளங்கையில் அதைத் திருப்பி எழுதுவாள். பனி நனைத்த ஓலை மணமும் அவளின் தலை நல்லெண்ணெய் மணமும் சேர்ந்து வரும். பாலர் பள்ளியில் ஈயன்னாவரை படித்திருந்தோம். வேலிப் பொத்தலில் உனாவும் ஊவன்னாவும் எனாவும் ஏயன்னாவும் முடிந்தன. "அடுத்த விசயதசமிக்குப் பெரியவாத்தியார் வந்தால் முழுக்க எழுதிக் காட்டுவன். நீ பக்கத்திலை இருக்காதை" என்றாள் ஒரு நாள், சிரித்துக்கொண்டுதான்.

மாசி நடுவில் நான் நிறுத்தினேன். இதற்கு நான் எனக்கே பல வருடங்கள் சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. வேலியடியில் மினைக்கெட்டுப் பள்ளிக்கூடம் பிந்திப்போய், படலையில் முழங்காலில் நின்றேன். நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். அது நடந்தது உண்மை. ஆனால் காரணம் அதல்ல. நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன் வகுப்பில் எனக்கு ஐயன்னா வரவில்லை. வளைவுகள் எங்கே போய் முடிகின்றன என்று பிடிபடாமல் கரும்பலகையில் நின்று, குட்டு வாங்கினேன். மறு நாள் காலை அதை அவளின் கையில் தட்டுத்தடுமாறி எழுதினேன். அவள் "பொறு" என்று சொல்லி, கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு என் கையை வாங்கி, முதல் தரமே சரியாக எழுதினாள். நான் காட்டிய பிழையைத் திருத்தி எழுதினாள். "நீ இன்னும் வடிவாய்ப் பழகேல்லைப் போலை" என்றாள்.

நான் உதவி செய்கிற பிள்ளை. எனக்கு அவள் உதவுவதா? ஆறு வயதில் பொறாமை இருக்காது என்று நினைக்கிறவர்கள் ஆறு வயதை மறந்தவர்கள்.

அடுத்த நாள் அவர்கள் வேலி தொடங்குமுன் நின்று, டப்பியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பொத்திப் பிடித்தேன். செருப்பைக் கழற்றி மற்றக் கையில் எடுத்தேன். மணல் ஒழுங்கையில் வெறுங்காலுக்குச் சத்தமே இல்லை. பொத்தலுக்குள்ளால் அவளின் கை ஏற்கெனவே நீட்டியபடி இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அதற்கு ஒரு முழம் தள்ளி நான் நடந்து போனேன். வேலி முடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டபின் உங்களோடு தார் ரோட்டால் நீளச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

ஒரு நாள் செய்தால் விளையாட்டு. ஆறு கிழமை செய்தேன். சில நாள் கை இருக்கும். சில நாள் கை இல்லாமல் குரல் மட்டும் வரும். "டப்பியோ?" என்று மெல்லக் கேட்பாள், யாரும் இல்லாத ஒழுங்கையைக் கேட்பது மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆடு என்னைப் பார்த்துக் கத்தும். பிறகு பங்குனி முடிய விடுமுறை வந்தது, சித்திரையில் ஷெல்லடி கூடிப் பள்ளிக்கூடம் உண்மையாகவே பூட்டிவிட்டது. பின்னேரங்களில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமல் இருக்கக் காரணம் தேடவேண்டிய அவசியமும் இல்லை, அம்மா படலைக்கு வெளியே விடவில்லை.

வைகாசியில் ஊரைப் பிடிக்க ஆமியின் ஒப்பரேசன் வந்தது. அதை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. எல்லோரும் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய் இருக்கச் சொல்லி ஹெலியிலிருந்து நோட்டீஸ் போட்டார்கள். நாங்கள் குடும்பமாகப் பாயும் பானையுமாக நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். முதலாம் வகுப்பு அறையில்தான் இடம் கிடைத்தது. வாங்கு மேசைகளைச் சுவரோரம் அடுக்கி, நடுவில் சனம். இரண்டாம் நாள் காலை தாயின் சேலைத் தொங்கலைப் பிடித்தபடி அவள் உள்ளே வந்தாள். வளவுக்குள் கால் வைக்காத அம்மா, அன்று ஒதுங்கி அவர்களுக்குப் பாய் விரிக்க இடம் விட்டார்.

என் டப்பி கையில்தான் இருந்தது. நான் அசைந்த சத்தத்தில் அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"டப்பி, இதுவோ முதலாம் வகுப்பு?"

"ஓம்."

"உன்ரை இடம் எது?"

கூட்டிப்போய் என் வாங்கில் இருத்தினேன். அவள் இரண்டு உள்ளங்கையாலும் மேசையின் நாலு ஓரத்தையும் தடவினாள். பென்சில் உருளாமல் வைக்கும் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் விரலை விட்டு முன்னும் பின்னும் ஓட்டினாள். தூரத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஐயன்னாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்கவே இல்லையோ?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. நான் வராததால் பள்ளிக்கூடம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள். அந்த நாட்களில் அதில் என்ன அதிசயம்? பள்ளிக்கூடம் பூட்டுவதுதான் வழமை. சோடி ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டு களவாகப் போவாள் என்பது யாருக்கும் வராத எண்ணம்.

"ஓம். பூட்டித்தான் கிடந்தது" என்றேன்.

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப ஒருத்தரும் என்னை விட்டிட்டுப் படிக்கேல்லை" என்றாள். அவ்வளவு சந்தோசமாக நான் அவளைப் பார்த்ததில்லை. பிறகு கையை நீட்டி, "அடுத்தது என்ன?" என்று கேட்டாள்.

அந்த நேரம் கஞ்சி வந்துவிட்டதென்று சனம் எழும்பியது. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

மறு நாள் மத்தியானத்துக்கு முன், கால் முகம் கழுவத் தாய் அவளைத் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். முற்றத்தில் ஷெல் விழுந்தது. தாய்க்குத் தோளில் காயம். அவளுக்குக் கழுத்தில். ஒரு சின்னத் துண்டுதான், சட்டை பெரிதாக நனையக்கூட இல்லை என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் மேசைகளுக்குக் கீழே கிடந்தோம். அம்மா என் கண்களைப் பொத்திப் பிடித்திருந்தார். எனக்குச் சத்தங்கள் மட்டும் கேட்டன. வெளியே கொண்டுபோக வழியில்லாமல் பின்னேரம் பள்ளிக்கூடக் காணியின் மூலையிலேயே, மாமரத்தடியில் அவளைக் குழி வெட்டித் தாட்டார்கள். உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தோ தெரியாமலோ ஐந்தாம் வகுப்புவரை நாம் அந்த மாமரத்தடியில்தான் கிளித்தட்டு விளையாடினோம்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மா செத்தவீடு விசாரிக்கப் போனார். அந்த வளவுக்குள் அவர் போனது அதுதான் முதல் தரம். என்னையும் கூட்டிப்போனார். கூரையின் ஒரு பக்கம் எரிந்திருந்தது. தாய் கட்டுப் போட்ட தோளோடு நிலத்தில் இருந்தார். அழவில்லை. என்னைக் கண்டதும் எழும்பி, "வா பிள்ளை, உனக்கு ஒண்டு காட்ட வேணும்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

மண் சுவர். ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சளவு உயரத்தில், ஆணியால் ஆழமாகக் கீறிய எழுத்துகள். விரல் போய்த் தடவக் கூடிய ஆழம். அனாவிலிருந்து ஐயன்னாவரை ஒரு வரி, ஒவ்வொன்றும் ரீச்சர் எழுதியது மாதிரி. அதற்குக் கீழே ஐ. பிறகும் ஐ. அடுத்தும் ஐ. சுவர் திரும்பி மூலைக்குப் போய், மற்றச் சுவரிலும் ஐ.

"காலமை வேலியடியிலை நிண்டு பாத்திட்டு வருவாளாம். 'இண்டைக்கும் பூட்டு அம்மா' எண்டு நான் தோட்டத்தாலை வந்தவுடனை சொல்லுவாள். மறந்துபோகாமல் இருக்க நாளுக்கு ஒண்டு கீறிறது. இதை மெழுகவேண்டாம், விசயதசமிக்குப் பெரியவாத்தியாருக்குக் காட்ட வேணும் எண்டவள்."

நான் எண்ணினேன். எனக்கு அப்போது இருபதுவரைதான் எண்ணத் தெரியும். இருபதுக்குப் பிறகும் சுவரில் எழுத்து இருந்தது.

"ஏன் பிள்ளை, பள்ளிக்கூடம் அவ்வளவு நாளும் பூட்டினவை?" என்று தாய் கேட்டார்.

"ஷெல் எண்டபடியால்" என்றேன். அம்மா வெளியே நின்றார், அவருக்குக் கேட்கவில்லை.

தாய் காயமில்லாத கையால் என் தலையைத் தடவினார். "உன்னைத்தான் எந்நேரமும் கதைப்பாள். ஊரிலை ஆர் விட்டாலும் நீ மட்டுந்தான் என்ரை பிள்ளையின்ரை கையை விடேல்லை" என்றார்.

நான் டப்பி சத்தம் போட்டுவிடாமல் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.